கவிழவும் கற்க வேண்டும்

தஞ்சை என்றதும் நம் நேயர்களுக்கு நெல் வயலும் வாய்க்காலும் கோயில் கோபுரமுமே ஞாபகத்துக்கு வரும். அந்த நெற்களஞ்சியத்துக்குச் சொந்தமாக ஒரு கடலும் உண்டு என்பதை அநேகர் மறந்தே போய்விடுகிறோம். பட்டுக்கோட்டையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோ மீட்டர் சென்றால் அதிராம்பட்டினம் வருகிறது. தென்னந்தோப்பு முடிந்தால் உப்பளம். உப்பளம் முடிந்தால் சேற்று நிலமும் அலையாத்தி மரங்களும். அதற்கும் அப்பால் பாக் ஜலசந்தி.

இந்தக் கடலை முதல் முதலாகப் பார்ப்பவர்கள் சற்று ஏமாற்றமே அடைவார்கள். சென்னையில் போல் ஆளுயர அலை எழும்பி வந்து இடிப்பதில்லை. இலங்கைத் தீவு ஒரு புறம் அணை போல் நின்று வங்கக் கடலின் பேரலைகளைத் தடுத்துவிடுகிறது. ஆழமும் அதிகமில்லை, ஜலசந்தியின் பெரும் பகுதியில் அடிமட்டம் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்ளேயே அகப்படும். அடியில் கடற்புல் படுகைகள் விரிந்து கிடக்கின்றன. அவற்றை மேய்ந்து வாழும் கடற்பசுக்களைக் காப்பதற்கென்று 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை அடுத்த 448 சதுர கிலோ மீட்டர் கடற்பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

இப்படிப்பட்ட சாதுவான கடலில் சிறு படகு விட ஆசை எழுவது இயல்பே. சமீப காலமாக நம் கரையோரங்களில் கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகு பரவி வருகிறது. இதே ஜலசந்தியை ஒட்டி, ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில், அலையாத்திக் காட்டின் நடுவே பிரயாணிகள் கயாக் விடுகிறார்கள். இந்த விளையாட்டை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. படகு விடக் கற்பதற்கு முன்னால், படகு கவிழ்ந்தால் அதில் மறுபடி ஏறக் கற்க வேண்டும். துடுப்புப் போடுவது அரை வித்தைதான். மற்ற அரை வித்தை தண்ணீருக்குள் இருக்கிறது.

சாதுக் கடலின் சூது

அதிராம்பட்டினத்தில் நிலம் வடக்கே இருக்கிறது. கடல் தெற்கே விரிந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொண்டு காற்றுகளைக் கவனிப்போம்.

கோடை மாதங்களில் தெற்கேயிருந்து சோழகக் காற்று வீசுகிறது. ஆழமில்லாத கடலில் அது குட்டையான, செங்குத்தான அலைகளை நெருக்கி நெருக்கி எழுப்பும். பார்ப்பதற்குக் கடல் கோபமாகத் தோன்றும். ஆனால் அந்தக் காற்று கரையை நோக்கி வீசும் காற்று. அதில் கவிழ்ந்தவனையும் அவன் படகையும் அது கரைப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசத் தொடங்குகிறது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று. கரையோரத்துத் தோப்புகளும் அலையாத்தி மரங்களும் அதை மறைப்பதால், கரையருகே தண்ணீர் தகடு போல் கிடக்கும். "இவ்வளவு அமைதியான கடலா!" என்று மகிழ்ந்து ஒருவன் படகைத் தள்ளுகிறான். காற்று முதுகைத் தட்டிக் கொடுக்கிறது. துடுப்பை லேசாகத் தொட்டாலும் படகு பறக்கிறது. அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால் தென்னைகள் புல்லைப் போல் சிறுத்துவிட்டன. அங்கே அலையும் வளர்ந்திருக்கிறது. போகும்போது முதுகைத் தட்டிய அதே காற்று, திரும்பும்போது மார்பில் கை வைத்துத் தள்ளுகிறது.

ஆகவே அதிராம்பட்டினத்துக் கரையில் கடல் சீறும் நாளைவிடக் கடல் சிரிக்கும் நாளுக்கே அதிகமாக அஞ்ச வேண்டும். கண் அலையைத்தான் பார்க்கும். புத்தி காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். வாடை வீசும் நாளில் பழக்கமில்லாதவர்கள் கயாக்கை எடுக்காமல் இருப்பதே உத்தமம்.

வடதுருவத்தாரின் வித்தை

கயாக் என்பது வடதுருவப் பிரதேசத்து இனுயிட் மக்களின் கண்டுபிடிப்பு. முன்பு இவர்களை எஸ்கிமோக்கள் என்று அழைத்தார்கள். கடலில் மிதந்து வரும் மரத்துண்டுகளாலும் எலும்புகளாலும் சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து இந்தப் படகைச் செய்தார்கள். நடுவில் ஒருவர் உட்காரும் அளவுக்கு மட்டும் ஒரு குழி. உட்கார்ந்தவர் தம் தோலங்கியின் விளிம்பைக் குழியைச் சுற்றி இறுகக் கட்டிக்கொள்வார். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே புகாது. மனிதனும் படகும் ஒரே பிராணியைப் போல் ஆகிவிடுவார்கள்.

அந்தக் கடலின் குளிரில் விழுந்தவர் சில நிமிஷங்களில் செயலிழந்து போவார். அங்கே நீந்திக் கரையேறும் பேச்சுக்கே இடமில்லை. எனவே அவர்கள், படகிலிருந்து வெளியே வராமல், கவிழ்ந்த வேகத்திலேயே துடுப்பை நீரில் வீசி, இடுப்பைச் சுழற்றி மறுபக்கம் நிமிர்ந்து எழும் வித்தையைக் கண்டார்கள். இதில் ரகசியம் கைப் பலத்தில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. முதலில் இடுப்பு படகை நிமிர்த்த வேண்டும். தலை கடைசியாகத்தான் நீருக்கு மேல் வர வேண்டும். மூச்சுக்குத் தவித்துத் தலையை முதலில் தூக்குபவர் மறுபடியும் கவிழ்ந்து விடுவார். 1927-ஆம் ஆண்டில் ஆஸ்திரியரான ஹான்ஸ் பாவ்லாட்டா, யாத்திரிகர்கள் எழுதி வைத்த வர்ணனைகளைப் படித்தே இந்த வித்தையைத் தாமாகப் பயின்று தேர்ந்தார்.

வித்தை தெரிந்தவருக்கும் கடல் சலுகை காட்டுவதில்லை. கினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் கிரீன்லாந்தில் அந்நாட்டு வேட்டைக்காரர்களிடமே கயாக் பயின்று, இந்தச் சுழற்சியிலும் தேர்ச்சி பெற்றார். 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் கடல்நாய் வேட்டைக்குத் தனியாகப் போனார். அவருடைய கயாக் மட்டும் மிதந்துகொண்டிருக்கக் கண்டார்கள், உடல் அகப்படவேயில்லை. அவருக்கு அப்போது வயது 25. தனியே போகாதே என்று எத்தனை நூல்கள் எழுதினாலும், இந்த ஓர் உதாரணத்துக்கு ஈடாகாது.

அதே 1932-ஆம் ஆண்டில் ஆஸ்கார் ஸ்பெக் என்ற ஜெர்மானியர், மடித்து வைக்கக்கூடிய ஒரு கயாக்கில் உல்ம் நகரிலிருந்து புறப்பட்டார். இந்தியக் கரையையும் இலங்கையையும் கடந்து, 7 ஆண்டுகளுக்குப் பிறகு, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான ஒரு தீவில் இறங்கினார். அதற்குள் யுத்தம் மூண்டுவிட்டதால் அவரைப் பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள்! அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். படகை விடாமல் பற்றியிருப்பதே அவருக்கு நீச்சலாக இருந்தது போலும். நம் இளைஞர்கள் அவருடைய மன உறுதியை மெச்சலாம். நீச்சல் தெரியாமல் கடலில் இறங்கும் துணிச்சலை மட்டும் பின்பற்ற வேண்டாம்.

நம்மவர் கண்ட வழி

இனுயிட் மக்கள் தண்ணீர் உள்ளே புகாத படகைச் செய்தார்கள். நம் கடலோர மக்களோ தண்ணீர் தங்கவே இடமில்லாத படகைச் செய்தார்கள். அதுதான் கட்டுமரம். இலேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதால் கட்டுமரம் என்று பெயர். இந்தத் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய பாஷைகளிலும் புகுந்து உலகமெல்லாம் வழங்குகிறது. மேலே ஏறி விழும் அலை, மரங்களின் இடுக்கு வழியே தானே இறங்கிப் போய்விடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்குமோ என்ற பயமுமில்லை. கவிழ்ந்தால் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். இப்போது ஆரம்பப் பயிற்சிக்கு உபயோகிக்கும், குழியில்லாமல் மேலே அமரும் கயாக்கிலும் இதே தத்துவம்தான். அதன் தட்டில் துளைகள் இருக்கும். ஏறிய தண்ணீர் அவற்றின் வழியே வடிந்துவிடும்.

அதிராம்பட்டினத்துப் பக்கத்துக்கே உரிய இன்னொரு படகு உண்டு. அதற்கு வத்தை என்று பெயர். தட்டையான அடி கொண்டது. ஆழமில்லாத சேற்றுக் கடலுக்கு ஏற்றது. பாய் விரித்து ஓடும்போது, அதன் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைப் போட்டிருப்பார்கள். காற்று படகைச் சாய்க்க வந்தால், ஆட்கள் காற்று வரும் பக்கமாக அந்தப் பலகையில் நகர்ந்து உட்கார்ந்து சமன் செய்வார்கள். காற்று பலத்தால் இன்னும் நகர்வார்கள். தணிந்தால் உள்ளே வருவார்கள். சென்னை ராஜதானியில் மீன்வளத் துறைக்குத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி விரிவாக எழுதினார். பிற்பாடு ஷான் மெக்ரெய்ல் முதலிய ஆராய்ச்சியாளர்கள் வத்தை கட்டும் முறையையே தனியாக ஆராய்ந்தார்கள். நம் கரையில் தச்சர்கள் வாய்மொழியாகக் காத்து வந்த கணக்கு, கடல் கடந்த அறிஞர்களுக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

2004 டிசம்பர் 26-ஆம் தேதிச் சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரங்கள் அருகி, இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. மீனவர்களின் உழைப்பும் நேரமும் மிச்சமாவதால் அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் படகு மாறினாலும் பாடம் மாறவில்லை. கவிழ்ந்த படகும் மிதக்கும். மிதப்பதைப் பற்றிக்கொண்டிருப்பவன் பிழைப்பான். இதுவே கட்டுமரம் சொல்லும் பாடம். இதுவே கயாக்குக்கும் பாடம்.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

பயிற்சியை இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்கத் தொடங்க வேண்டும். முதல் நாள் துடுப்பே வேண்டாம் என்று கூடச் சொல்வோம். கவிழ்வதும் ஏறுவதுமாகப் பத்து முறை செய்தால், "கவிழ்ந்துவிடுமோ" என்ற நடுக்கம் போய்விடும். அந்த நடுக்கம் போனவருக்குப் படகு கவிழ்வதும் குறைந்துவிடும். ஏனென்றால் அஞ்சி விறைத்த உடம்புதான் படகைச் சாய்க்கிறது.

மேலே அமரும் கயாக் கவிழ்ந்தால், முதல் காரியம் படகைப் பிடிப்பது. இரண்டாவது துடுப்பைப் பிடிப்பது. படகின் நடுப் பாகத்துக்கு வந்து, கவிழ்ந்த அடிப்பக்கத்தின் மேலாகக் கையை நீட்டி, எதிர் விளிம்பையோ அங்குள்ள வாரையோ பற்றி, பின்னால் சாய்ந்து இழுத்தால் படகு நிமிர்ந்துவிடும். பிறகு ஏற வேண்டும். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு ஏற முயல்வது வீண். கால்கள் படகின் அடியில் இழுத்துக்கொண்டு போகும். கால்களை நீரின் மேல்மட்டத்துக்கு வரும்படி உதைத்து, உடம்பு படுக்கையாக மிதக்கும் தருணத்தில், குறுக்கே வயிற்றைச் சறுக்கிப் போட வேண்டும். அடுத்துப் புரண்டு இருக்கையில் அமர வேண்டும். கடைசியாகக் கால்களை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். முதலில் வயிறு, பிறகு இருப்பு, முடிவில் கால். இந்த மூன்றையும் மந்திரம் போல் மனனம் செய்துகொள்ளலாம்.

குழியுள்ள கயாக்கில் இடுப்பைச் சுற்றி ஒரு திரை கட்டியிருக்கும். கவிழ்ந்தவுடன் முன்பக்கம் குனிந்து கொள்ள வேண்டும். ஆழமில்லாத இடத்தில் தலை தரையில் மோதாமல் இது காக்கும். திரையின் முன்னாலுள்ள வளையத்தைப் பற்றி இழுத்தால் அது கழன்றுவிடும். குழியின் இரு விளிம்புகளிலும் கையை ஊன்றி, காற்சட்டையைக் கழற்றுவது போல் படகை இடுப்பிலிருந்து தள்ளினால் ஆள் வெளியே வந்துவிடுவார். சில விநாடிகளில் முடிகிற காரியம் இது. ஆனால் முன்பின் செய்து பார்க்காதவருக்கு அந்தச் சில விநாடிகள் ஒரு யுகம்.

வெளியே வந்தவர் தனியாக ஏறுவதற்கு ஓர் உபாயம் உண்டு. காற்று நிரப்பும் சிறு பை ஒன்றைத் துடுப்பின் ஒரு நுனியில் மாட்டி ஊதிவிடுவார்கள். துடுப்பின் மறுநுனியைக் குழிக்குப் பின்னால் படகின் குறுக்கே வைத்து அழுத்திப் பிடித்தால், பை மாட்டிய நுனி பக்கவாட்டில் மிதந்து படகைச் சாயாமல் தாங்கும். அந்தத் தாங்கலில் ஒரு காலை வைத்துப் படகின் பின்தட்டில் குப்புற ஏறி, கால்களைக் குழிக்குள் செலுத்தி, பையின் பக்கமே சாய்ந்தபடி மெள்ளப் புரண்டு உட்காரலாம். பிறகு தண்ணீரை இறைத்துவிட வேண்டும். இது ஏதோ அன்னிய நாட்டு அதிசயம் என்று எண்ண வேண்டாம். நம் கிராமங்களில் குளத்தில் நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி விடுகிறோமே, அதன் நெருங்கிய உறவுதான் இந்த மிதவைப் பை.

துணைப் படகு ஒன்று இருந்தால் வேலை பாதியாகக் குறைகிறது. துணைவர் கவிழ்ந்த படகின் முனையைத் தம் படகின் குறுக்கே இழுத்துத் தூக்கி, தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, இரண்டு படகுகளையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொள்வார். விழுந்தவர் அசையாத மேடையில் ஏறுவது போல் ஏறிவிடலாம்.

ஏறவே முடியாமற் போனால்? அப்போதும் படகை விடக்கூடாது. கரை பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். நீந்திவிடலாம் என்று மனம் சொல்லும். 1954-ஆம் ஆண்டில் நவரத்தினசாமி என்ற இலங்கைத் தமிழர் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வரை இந்த ஜலசந்தியை நீந்தியே கடந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அதற்கென்றே தம்மைத் தயார் செய்துகொண்ட வீரர். களைத்துப் போய் உடையோடு விழுந்த சாதாரண மனிதர் வேறு. தேடி வருபவர்களின் கண்ணுக்கு ஒரு தலை தெரியாது. வர்ணம் பூசிய ஒரு படகு தெரியும். காற்று அடித்துக்கொண்டு போகும் வெறும் படகை நல்ல நீச்சல்காரரும் எட்டிப் பிடிப்பது அரிது. ஆகையால் ஒரு முறை விட்டால் விட்டதுதான்.

முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று சேற்றுப் பகுதியில் குதித்து நிற்பதும் தவறு. அலையாத்திக் காட்டை ஒட்டிய சேறு காலை விழுங்கும். இழுக்க இழுக்க இன்னும் இறங்கும். அங்கே படகின் மேல் படுத்தபடியே கையாலும் துடுப்பாலும் தள்ளிக்கொண்டு ஆழமான ஓடைக்குத் திரும்புவதே வழி.

புறப்படுமுன்

மிதவைச் சட்டையை உடம்பில் இறுகப் போட்டுக்கொள்ள வேண்டும். படகில் கட்டி வைத்த சட்டை, பெட்டியில் பூட்டி வைத்த குடையைப் போலத்தான். நம் கடலில் குளிரால் ஆபத்தில்லை. வெயிலும் தாகமுமே எதிரிகள். குடிதண்ணீரும் தொப்பியும் அவசியம். ஒரு விசில், தண்ணீர் புகாத உறையில் செல்பேசி, இரண்டும் படகில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் அலை, காற்று முன்னறிவிப்புகளை நாள்தோறும் வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, துறையிலுள்ள மீனவர் ஒருவரிடமும் கேட்டுக்கொள்வது நலம். ஆபத்தில் அழைக்கக் கடலோரக் காவற்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற எண்கள் உள்ளன. ஐப்பசி முதல் மார்கழி வரை புயற்காலம் என்பதையும் மறக்கக்கூடாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டைச் சீமையின் தென்னைகளையும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டையும் எப்படிச் சாய்த்தது என்பதை அவ்வூர் மக்கள் மறக்கவில்லை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

"நாங்கள் கடலுக்கே போவதில்லையே, எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். காவேரிப் பாசனத்து வீடு எதுவும் தண்ணீருக்குத் தூரத்தில் இல்லை. கொல்லைப்புறத்தில் வாய்க்கால், தெருக்கோடியில் குளம், ஊருக்கு வெளியே ஆறு. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கு மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. உலக முழுவதிலும் 2021-இல் சுமார் 3,00,000 பேர் இவ்வாறு இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்கும் மரணங்களைத் தடுப்பதற்கான தினமாக 2021-இல் அறிவித்ததும் இதன் பொருட்டே.

நம் வீடுகளில் இதற்கு நாம் கையாளும் ஒரே மருந்து, "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்ற கட்டளை. பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள். தெரியாமல் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெண் குழந்தைகளுக்கோ இந்தக் கட்டளை இரட்டிப்பு. ஆனால் துவைக்கவும் குளிக்கவும் ஆற்றிலும் குளத்திலும் இறங்குகிறவர்களில் பெண்கள் அல்லவா அதிகம்? 2004-இல் வங்காளத்து வீராங்கனை புலா சௌதுரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திக் கடந்தார். அவரைப் போல் எல்லாரும் ஆக வேண்டாம். ஒரு குளத்தின் நடுவிலிருந்து படித்துறை வரை நீந்தத் தெரிந்தால் போதும்; மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் தத்தளிக்கும்போது மற்றவர் குதிப்பதும், அவரைக் காக்க மூன்றாமவர் குதிப்பதுமாக ஒரு குடும்பமே மாண்டுபோகும் செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். தெரியாதவர் குதிக்கவே கூடாது. சேலையோ வேட்டியோ கயிறோ வீசலாம். நீண்ட கழியை நீட்டலாம். வெறும் குடத்தையோ மூடியிட்ட காலி எண்ணெய் டப்பாவையோ தூக்கி எறியலாம். மிதக்கும் ஒன்றைப் பற்றிக்கொள், விடாதே என்ற கட்டுமரத்தின் பாடம் குளக்கரைக்கும் பொருந்தும்.

அதிராம்பட்டினத்தில் 1955 முதல் காதர் முகைதீன் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பக்கத்துத் துறைகளில், காற்றின் வாசனையைக் கொண்டே நாளைய கடலைச் சொல்லும் முதிய மீனவர்கள் இருக்கிறார்கள். இவ்விரு சாராரையும் சேர்த்து வைத்தால், மார்பளவுத் தண்ணீருள்ள ஒரு கரையும், இரண்டு மூன்று சிறு படகுகளும், கொஞ்சம் மிதவைச் சட்டைகளுமே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போதும். ஆண் பெண் என்ற பேதமின்றி ஒவ்வொரு பிள்ளையும் அங்கே பத்து முறை கவிழ்ந்து, பத்து முறை ஏறட்டும். சோழகம் கரைக்குத் தள்ளும் மாதங்களில், அலை தணிந்திருக்கும் ஒரு காலை வேளையில் அந்தப் பாடத்தைத் தொடங்கலாம்.